கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்த லிப்பா காட்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரல்களால் மீட்டிக் கிட்டார் பழகுகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் 'ஃப்ரைட் டிரெய்ன்' என்ற பாட்டுக்கு வந்து சேர்வார்கள். பழகி முடித்த பிறகுதான் இதை யார் கட்டினார்கள் என்று தேடத் தோன்றும். தேடினால் எலிசபெத் 'லிப்பா' காட்டன் என்ற ஒரு பாட்டியின் படம் வரும். கிட்டாரை ஏதோ தவறாகப் பிடித்திருப்பது போல இருக்கும். அங்கிருந்து கேள்விகள் தொடங்கும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், எனக்கே ஒரு காலத்தில் இருந்த சில கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த எலிசபெத் காட்டன்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சேப்பல் ஹில் ஊரை ஒட்டி இன்று கார்பரோ என்று அழைக்கப்படும் இடத்தில் 1893 ஜனவரி 5 அன்று பிறந்த கறுப்பினப் பெண். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா சுரங்கத் தொழிலாளி, அம்மா மருத்துவச்சி. சிறு வயதிலேயே பாஞ்சோவும் (தோல் கட்டிய வட்ட முகம் கொண்ட தந்தி வாத்தியம்) கிட்டாரும் தானாகக் கற்றுக்கொண்டார், பாட்டுக் கட்டினார், பிறகு பல பத்தாண்டுகள் வாத்தியத்தைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். அந்தக் காலம் முழுக்க வீட்டு வேலை. அறுபது வயதைத் தாண்டி முதல் இசைத்தட்டு, தொண்ணூறைத் தாண்டி கிராமி விருது. 1987 ஜூன் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் காலமானார்.

பிறந்த வருஷம் 1895 என்று வேறு இடத்தில் படித்தேனே?

அப்படியும் பார்ப்பீர்கள். 1893 என்பதே இப்போது பரவலாக ஏற்கப்பட்டது. அவருக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் என்று சிலரும் பதினேழு என்று சிலரும் எழுதுவதற்குக் காரணமும் இந்த இரண்டு வருஷக் குழப்பம்தான். கல்யாணம் நடந்தது 1910இல்.

தலைகீழாக வாசித்தார் என்கிறார்களே, அப்படி என்னதான் செய்தார்?

இதைக் கையில் கிட்டாரோடு படித்தால் சுலபமாகப் புரியும்.

வழக்கமாகப் பிடித்தால் தடித்த பேஸ் தந்திகள் மேலே, முகத்துக்கு அருகில் இருக்கும். மெல்லிய தந்திகள் கீழே. வலது கைக் கட்டைவிரல் பேஸ் தந்திகளில் ஒன்று மாற்றி ஒன்றாக, நடை போடுவது போலத் தட்டிக்கொண்டே போகும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீழே மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கும். அமெரிக்கத் தென்கிழக்கு மாநிலங்களின் கிட்டார் வாசிப்பில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டில் நடப்பதுதான்.

காட்டன் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்குத் தந்தி கட்டிய கிட்டாரை அப்படியே மறுபக்கம் திருப்பிப் பிடித்தார். இப்போது மெல்லிய தந்தி மேலே, தடித்த தந்தி கீழே. மீட்டுவது இடது கை. கட்டைவிரல் போய் உட்காருகிற இடத்தில் மெட்டுத் தந்திகள்தான் இருக்கின்றன. பேஸ் தந்திகளுக்கு ஆள்காட்டி விரல்தான் எட்டுகிறது. ஆக, மற்றவர்கள் கட்டைவிரலுக்குக் கொடுத்த வேலையை அவர் ஆள்காட்டி விரலுக்குக் கொடுத்தார், விரல்கள் பார்த்த வேலையைக் கட்டைவிரல் பார்த்தது. கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கத் தந்திகளை அழுத்தும் வடிவம்) பிடிக்கும் கையிலும் எல்லா வடிவமும் கவிழ்ந்துவிடும். புத்தகத்தில் இருக்கும் எந்தப் படமும் உதவாது.

ஒருமுறை என் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து 'சி' கார்டை மட்டும் தேடிப் பார்த்தேன். மூன்று விரல்களையும் வைத்து முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. வைத்த பிறகு பேஸைத் தட்ட ஆள்காட்டி விரலைக் கீழே அனுப்பினால், அதற்கு அந்த வேலை பழக்கமே இல்லை. கடைக்கு அனுப்பிய சின்னப் பையன் போல வழியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை.

ஆனால் கேட்கிற காதுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. கட்டைவிரலின் சதை அதிகம், அடியும் கனம். அது பேஸில் விழுந்தால் தாளம் முன்னால் வந்து நிற்கும். காட்டனின் வாசிப்பில் அந்தக் கனம் மெட்டுக்குப் போய்விடுகிறது. பேஸ் லேசாக, பின்னால் நடந்து வருகிறது. அவருடைய மெட்டு உருண்டையாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பது போலக் கேட்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் திருப்பம்தான் என்பது என் எண்ணம். இந்த நடைக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்து 'காட்டன் பிக்கிங்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

தந்திகளை மாற்றிக் கட்டியிருக்கலாமே?

கட்டியிருக்கலாம், வாத்தியம் அவருடையதாக இருந்திருந்தால். அவர் முதலில் பழகியது அண்ணனின் பாஞ்சோவில். அண்ணன் வேலைக்குப் போன பிறகு எடுத்து வாசிப்பார், திரும்பி வரும் சத்தம் கேட்டால் வைத்துவிட்டு ஓடிவிடுவார். திருட்டுத்தனமாக எடுத்த வாத்தியத்தின் தந்திகளை யார் மாற்றிக் கட்டுவார்கள்? சொந்தக் கிட்டார் வந்தபோது கை இப்படியே பழகிவிட்டிருந்தது.

இப்படி வாசித்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பிறந்த ப்ளூஸ் இசையின் கிட்டார்காரர் ஆல்பர்ட் கிங்கும், சர்ஃப் இசையின் டிக் டேலும் தந்தி மாற்றாமல் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தவர்கள்தான். ராக் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அவர் கிட்டாரைத் திருப்பினார், ஆனால் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார்.

அந்தச் சொந்தக் கிட்டார் எப்படி வந்தது?

பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனார். சமைப்பது, பெருக்குவது, அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. மாதச் சம்பளம் 75 சென்ட். அந்தக் காசைச் சேர்த்து 'ஸ்டெல்லா' என்ற மலிவு விலைக் கிட்டார் ஒன்றை வாங்கினார். விலை 3 டாலர் 75 சென்ட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஐந்து மாதச் சம்பளம். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண் ஐந்து மாத உழைப்பை ஒரு வாத்தியத்தில் போடுகிறாள். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு என்னவோ, பின்னால் வந்த விருதுகளைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

எலிசபெத் என்று பெயர் வைத்தது அவரே என்கிறார்களே?

ஆமாம். வீட்டில் செல்லப் பெயர்கள்தான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியாரம்மா பெயர் கேட்டபோது, சட்டென்று 'எலிசபெத்' என்று சொல்லிவிட்டார். அதுவே நிலைத்தது. 'லிப்பா' என்பது ரொம்பப் பிற்பாடு, அவர் வேலை பார்த்த சீகர் வீட்டின் கடைசிக் குழந்தை பென்னி மழலையில் கூப்பிட்டது. காட்டன் என்பது கணவர் வழிப் பெயர். பிறந்த வீட்டுப் பெயர் நெவில்ஸ்.

'ஃப்ரைட் டிரெய்ன்' எழுதியபோது அவருக்கு என்ன வயது?

பதினொன்று, பன்னிரண்டு வாக்கில். கிட்டார் வந்த கொஞ்ச காலத்திலேயே. வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் பாதை, கூட்ஸ் வண்டிச் சத்தம் கேட்டபடியே வளர்ந்தவர். பாட்டின் சங்கதியும் அந்த வண்டிதான்: வேகமாக ஓடும் கூட்ஸ் வண்டி, அதில் ஏறிப் போகிறவர் தான் எங்கே போகிறோம் என்று யாருக்கும் சொல்லாதே என்கிறார். செத்தால்கூட, ஒன்பதாம் நம்பர் வண்டியின் சத்தம் காதில் விழும் இடத்தில் புதைக்கச் சொல்கிறார். பன்னிரண்டு வயதுக்குச் சாவைப் பற்றிய பாட்டா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வயதில்தானே சாவைப் பற்றித் தயங்காமல் பேச முடியும்?

மெட்டு ரொம்ப எளிமை. 'சி'யில் தொடங்கி 'ஜி'க்குப் போய்த் திரும்பும். பாதியில் எதிர்பாராமல் ஒரு 'இ' கார்டு வந்து 'எஃப்'பில் இறங்கும். அந்த ஒரு திருப்பத்தில்தான் பாட்டின் ஏக்கம் முழுக்க இருக்கிறது.

அப்படியானால் ஏன் நிறுத்தினார்?

ஞானஸ்நானம் பெற்ற பிறகு சர்ச்சுக்காரர்கள், இந்த உலகப் பாட்டுகளையும் வைத்துக்கொண்டு கடவுளுக்கும் ஊழியம் செய்ய முடியாது என்றார்கள். அதே சமயத்தில் ஃபிராங்க் காட்டனோடு கல்யாணம், லில்லி என்று ஒரு மகள், பிழைப்புக்காக ஊர் மாற்றம். சர்ச்சு சொன்னதும் ஒரே நாளில் கிட்டாரைத் தூக்கிப் பரணில் போட்டார் என்பது போல எழுதுவார்கள்; அது அப்படியில்லை, மெதுவாக விட்டுப்போனது. எப்போதாவது சர்ச்சில் வாசித்ததோடு சரி. மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு கணவரைப் பிரிந்து, 1940களில் வாஷிங்டனில் மகள் குடும்பத்தோடு இருந்தார்.

கடையில் தொலைந்த குழந்தை கதை உண்மையா?

உண்மைதான். வாஷிங்டனில் லான்ஸ்பர்க் என்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பொம்மைப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே ஒரு சிறுமி கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டு நின்றாள். காட்டன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அம்மாவிடம் சேர்த்தார். அந்த அம்மா, இந்த வேலை வேண்டாமென்று தோன்றினால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காட்டன் போனார்.

சிறுமி பெக்கி சீகர், பிற்காலத்தில் பெயர்பெற்ற பாடகி. அம்மா ரூத் கிராஃபோர்டு சீகர், அமெரிக்காவின் முக்கியமான நவீன இசையமைப்பாளர்களில் ஒருவர். நாட்டுப்புறப் பாடல்களைக் காதால் கேட்டு ஸ்வரக் குறிப்பாக எழுதுவதில் பெரிய கை. அப்பா சார்லஸ் சீகர் இசை ஆய்வாளர். பெக்கியின் அண்ணன் மைக் சீகர். சார்லஸின் முதல் மனைவியின் மகன்தான் பாஞ்சோவோடு உலகமெங்கும் அறியப்பட்ட பீட் சீகர். நாட்டுப்புற இசைக்காகவே வாழ்ந்த வீடு அது, அங்கே துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் காட்டன். வருஷக்கணக்கில் அவர் வாசிப்பார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

சுவரில் ஒரு கிட்டார் தொங்கும். யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அதை எடுத்து, மறந்த விரல்களைத் திரும்பப் பழக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் பிள்ளைகள் காதில் விழுந்துவிட்டது. அண்ணனின் பாஞ்சோ கதையேதான் ஐம்பது வருஷம் கழித்து மறுபடி நடந்திருக்கிறது.

அப்படியென்றால் சீகர் குடும்பம்தான் அவரைக் கண்டுபிடித்தது?

இந்தச் சொல் எனக்கு ஒத்துவராது. வெள்ளைக்காரக் குடும்பம் வேலைக்காரப் பெண்ணிடம் ஒரு மேதையைக் கண்டெடுத்தது என்று கதையைச் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சீகர்கள் கேட்ட பாட்டு அவர்கள் வீட்டில் பிறந்ததில்லை. மெட்டு, வரிகள், அந்தக் கவிழ்ந்த கை எல்லாம் 1900களின் முதல் பத்தாண்டிலேயே தயார். நடுவில் இல்லாமல் போனது நேரம், காசு, 'வாசி' என்று சொல்ல ஓர் ஆள். அந்த மூன்றும் கறுப்பின வேலைக்காரப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்காக அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மைக் சீகர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காட்டனின் வீட்டுக்கே போய் அவர் அறையில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார். அதுதான் 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டு. மைக் பிறகும் பல வருஷம் கூடவே இருந்தார், மேடையிலும்.

பாட்டு திருடுபோன விவகாரம் என்ன?

1950களின் நடுவில் பெக்கி இங்கிலாந்து போனார். சின்ன வயதில் சமையலறையில் கேட்ட 'ஃப்ரைட் டிரெய்னை' அங்கே பாடினார். அப்போது அங்கே ஸ்கிஃபிள் என்ற அலை: மலிவுக் கிட்டார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கழி நட்டுக் கட்டிய பேஸ், இவ்வளவு இருந்தால் ஒரு குழு தயார். சாஸ் மெக்டெவிட் குழுவோடு நான்சி விஸ்கி பாடிய 'ஃப்ரைட் டிரெய்ன்' 1957இல் பிரிட்டிஷ் தரவரிசையில் ஐந்தாம் இடம்வரை போனது. லிவர்பூலில் ஜான் லெனனின் குவாரிமென் குழுப் பையன்களும் இதைப் பாடினார்கள். பீட்டில்ஸ் முளைத்தது அந்தக் குழுவிலிருந்துதான்.

அந்த இசைத்தட்டில் பாட்டாசிரியர் என்று அச்சாகியிருந்தது பால் ஜேம்ஸ், ஃப்ரெட் வில்லியம்ஸ் என்ற இரண்டு பெயர்கள். காட்டன் பெயர் எங்கும் இல்லை. கடல் தாண்டி அவர் பாட்டு வானொலியில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் வாஷிங்டனில் அடுத்தவர் வீட்டு வேலையில் இருந்தார். சீகர் குடும்பம் விடாமல் முயன்ற பிறகு உரிமை கடைசியில் அவருக்கு வந்தது. ஆனாலும் அச்சில் ஒருமுறை ஏறிய பெயரை இறக்குவது லேசான காரியமில்லை. இன்றும் பழைய பெயர்களோடு அந்தப் பாட்டு சில தொகுப்புகளில் கிடக்கிறது.

மேடைக்கு எப்போது வந்தார்?

1960இல் மைக் சீகரோடு ஸ்வார்த்மோர் கல்லூரியில். வயது 67. 1964இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. அதற்குப் பிறகு அழைப்புகள் நிற்கவில்லை, எண்பது வயதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போனார். ஆனால் கச்சேரி தொடங்கியதும் வீட்டு வேலையை உடனே விட்டுவிட முடியவில்லை. மேடையில் வாசிப்பதைவிடக் கதை சொல்வது அதிகமாகக்கூட இருக்கும். சிறு வயதில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போய், கேட்பவர்களையும் பாட வைத்துவிடுவார்.

வேறு என்ன பாட்டுகள் கேட்கலாம்?

'ஓ பேப் இட் எய்ன்ட் நோ லை' எனக்குப் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருத்தி இவரைப் பற்றி அம்மாவிடம் பொய் சொல்லிவிட, செய்யாத தப்புக்குத் தண்டனை கிடைத்தது. அந்த ஆத்திரத்தில் படுக்கையில் கிடந்தபடி கட்டிய பாட்டு. கோபத்தில் பிறந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு மென்மை. கிரேட்ஃபுல் டெட் குழு 1980இல் மின்கிட்டார் இல்லாத கச்சேரிகளில் இதை வாசித்தது.

அப்புறம் 'ஷேக் சுகரி'. மெட்டு இவருடையது, வரிகளை வீட்டிலிருந்த கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்தார்கள். வீட்டிலிருக்கும் ஒவ்வொரு சாமானும் அடகுக் கடைக்குப் போகிற கதை. குழந்தைகள் சிரித்துக்கொண்டே கட்டியிருக்கிறார்கள், கேட்கிற நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. 1967இல் வந்த இசைத்தட்டில் 12 வயதுக் கொள்ளுப்பேத்தி பாடுகிறாள், காட்டன் பின்னால் வாசிக்கிறார். பாப் டிலன் இதை மேடையில் பாடியிருக்கிறார். காட்டனின் மாநிலத்திலிருந்தே வந்த ரியானன் கிடன்ஸும் பாடிப் பதிவு செய்திருக்கிறார்.

அவரை ப்ளூஸ் பாடகி என்று சொல்லலாமா?

கடைகளில் அந்த வரிசையில்தான் வைப்பார்கள். சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி விட்டுப்போகும். அவரிடம் ராக்டைம் துள்ளல் உண்டு, 'வில்சன் ராக்' கேளுங்கள். சர்ச்சுப் பாட்டுகள் உண்டு. 'வாஸ்டபோல்' என்று ஒரு கிட்டார் துண்டு உண்டு. அதன் பூர்வீகம் ஹென்றி வோரல் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக் கூடத்தில் வாசிப்பதற்காக அச்சிட்ட 'செபாஸ்டபோல்'. புத்தகத்தில் வந்தது காது வழியாக ஊர் ஊராக நடந்து, பெயர் உருமாறி, கரோலினாவில் ஒரு சிறுமியின் கைக்கு வந்து சேர்ந்தது.

பாஞ்சோவும் வாசித்தாரா?

வாசித்தார், அதையும் திருப்பிப் பிடித்துத்தான். பதிவுகளில் இருக்கிறது.

விருதுகள்?

1984இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் தரும் பாரம்பரியக் கலைஞர் விருது. 1985இல் மேடைக் கச்சேரிப் பதிவுக்காக, பாரம்பரிய நாட்டுப்புற இசைப் பிரிவில் கிராமி, வயது 92. 2022இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற பிரிவில் சேர்த்தார்கள். பாடிச் சம்பாதித்த பணத்தில் சிரக்யூஸில் வீடு வாங்கி 1978இல் குடும்பத்தோடு குடிபோனார். அந்த நகரம் ஒரு சிறு பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தது. கார்பரோவில் ரயில் பாதையை ஒட்டிப் போகும் சைக்கிள் பாதைக்கும் அவர் பெயர்தான். பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சைக்கிள் பாதை.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

1958 இசைத்தட்டிலிருந்து. 'ஃப்ரைட் டிரெய்ன் அண்ட் அதர் நார்த் கரோலினா ஃபோக் சாங்ஸ் அண்ட் ட்யூன்ஸ்' என்ற பெயரில் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் இப்போதும் வெளியிடுகிறது. பிறகு அவர் கை தெரியும் ஒளிப்பதிவு ஒன்றைத் தேடுங்கள். 1960களின் நடுவில் பீட் சீகர் நடத்திய 'ரெயின்போ குவெஸ்ட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்திருக்கிறார். முதல் தடவை ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு விரல்களை மட்டும் பாருங்கள்.

நானும் இடது கை. அவரைப் போலவே பழகலாமா?

பழகலாம், தடுக்க யாருமில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் இடது கைக்காரருக்கான கிட்டார் வாங்குவதோ, இருப்பதில் தந்தியை மாற்றிக் கட்டுவதோ நல்லது. மாற்றிக் கட்டும்போது கழுத்தின் மேல்நுனியில் தந்திகள் உட்காரும் நட்டையும் மாற்றச் சொல்லுங்கள். தடித்த தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் மெல்லியது ஆடும். ஏற்கெனவே வீட்டில் வேறு யாருடைய கிட்டாரோ இருந்து, அவர்கள் இல்லாத நேரத்தில் எடுத்துத் திருப்பிப் பிடித்து வாசித்துப் பழகிவிட்டீர்கள் என்றால் தந்தியில் கை வைக்க வேண்டாம். ஆள்காட்டி விரலால் பேஸை மட்டும் ஒரு வாரம் தட்டுங்கள், கட்டைவிரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.